தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம்

அந்தப் பெண்மணி என் ஜீப்பின் முன்சீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பெங்களூரிலிருந்து நண்பர்களோடு மலை சுற்றிப் பார்க்க வந்தவர். மற்றவர்கள் காலையிலேயே காரில் மலையிறங்கிவிட, இவர் மட்டும் ஏதோ அவசர வேலை என்று ஜமுனாமரத்தூரில் தங்கிவிட்டு, மதியம் என் ஜீப்பில் ஆலங்காயத்துக்குக் கிளம்பினார். பின்சீட்டில் என் மனைவி இருந்தாள். துணி எடுக்க வேண்டும் என்று அன்று அவளும் ஏறியிருந்தாள். காவலூர் தாண்டும் வரை அந்தப் பெண்மணி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கணினியையும் பிடித்தபடி, சாலை நேராக வரும்போதெல்லாம் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னா வேலைங்க மேடம் அது, இப்டி விடாம செய்றீங்க?" என்று கேட்டேன்.

"டெஸ்டிங். புரோகிராம் எழுதறவங்க எழுதி முடிச்சதும் எங்ககிட்ட வரும். அதுல எங்கெங்க தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"அதுக்கு சம்பளம் குடுக்கிறாங்களா?" பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள்.

"குடுக்கிறாங்களே."

"எங்க வூட்டுக்காரரு இத்தினி வருசமா சும்மாவே செய்துனு கீறாருங்க!"

அந்தப் பெண்மணி சிரித்த சிரிப்பில் கணினி மடியிலிருந்து நழுவியது. நான் ஒரு கையை நீட்டிப் பிடித்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. என் மனைவி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் மற்றவர்கள் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பார்கள். நான் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். ஒரு தடவை பொருந்தவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பத்திரிகையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு சொன்னால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்? அந்தக் கல்யாணத்தில் எனக்குப் பந்தியில் பாயசம் வரவில்லை. தற்செயல் என்றுதான் இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆலங்காயத்தில் இறங்கும்போது அந்தப் பெண்மணியிடம் மெதுவாகக் கேட்டேன். "இந்த வேலைக்கு இன்னாங்க படிக்கணும்?"

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி. கம்ப்யூட்டர். திருப்பத்தூர்ல படிச்சேன். படிச்சதோட சரி."

"அப்புறம் என்ன? இணையத்துல பாடமெல்லாம் இலவசமாவே இருக்கு. உட்காந்து படிங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

நான் ஜீப் ஓட்ட ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. படிப்பு முடிந்த வருடம் அப்பாவுக்குக் கண்பார்வை மங்கியது. வண்டி சும்மா நிற்கக் கூடாதே என்று நான் எடுத்தேன். கொஞ்ச நாளைக்கு என்று எடுத்தது, கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நீண்டுவிட்டது. இதற்குள் மலைக்குப் பஸ்கள் கூடின. வீட்டுக்கு வீடு பைக் வந்தது. பஸ் போகாத ஊர்களுக்கும், சந்தை நாளில் மூட்டையோடு வருகிறவர்களுக்கும் மட்டும் ஜீப் தேவைப்பட்டது. பஸ் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. என் அம்மாவே பஸ்ஸில்தான் போனாள், ஜீப்பில் முதுகு வலிக்கிறது என்று. எனக்கும் வலித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திருப்பத்தூரில் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். காலையில் ஜீப் நடை முடிந்து வந்து மதியம் முழுக்கப் பாடம். முதல் வாரமே ஒரு பயிற்சி கொடுத்தார்கள். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், அதை எப்படியெல்லாம் சோதிப்பீர்கள் என்று எழுதுங்கள். நான் மிக்சியை எடுத்துக்கொண்டேன். காலியாக ஓட்டிப் பார்ப்பது, நிரப்பி ஓட்டிப் பார்ப்பது, ஓடும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது என எழுதிக்கொண்டே போனேன். மூடி சரியாகப் பொருந்தாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை எழுதினால் மட்டும் போதாது, செய்தே பார்க்கலாம் என்று தோன்றியது. ஜாரில் தேங்காய்ச் சட்னி இருந்ததை மறந்துவிட்டேன்.

மனைவி வந்து சுவரைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள்.

"பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டாள்.

"மிக்சி ஃபெயில்."

"நல்லதுங்க. தொடைச்சிட்டு அடுத்தத எழுதுங்க."

அவள் இப்படித்தான். ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நான் தூங்கி வழிந்தால் கணினியை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவாள். பாடத்தில் வரும் வார்த்தைகளை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவற்றை என் மேலேயே பிரயோகிப்பாள்.

வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். பெரும்பாலும் பதிலே வராது. ஒரு கம்பெனியிலிருந்து போனில் பேசியவர், "எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்டார். "பன்னெண்டு வருஷம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "எதுல?" என்றார். மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதில் என்றேன். நல்லபடியாக வாழ்த்திவிட்டு வைத்துவிட்டார். இன்னொருவர் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொன்னேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சந்தை நாள், வண்டி எடுத்தாக வேண்டும், எடுத்தேன். சாமை மூட்டைகளை ஏற்றி இறக்கியதில் அந்தத் துக்கம் மறந்து போனது.

விவசாயக் கருவிகளை வாடகைக்குப் பதிவு செய்ய ஒரு செயலி தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்று பெங்களூரில் இருந்தது. டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம் இதையெல்லாம் விவசாயிகள் போனிலேயே கேட்டு வரவழைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். வீடியோவில் பேச வேண்டும். எங்கள் வீட்டில் அன்று நெட்வொர்க் வந்து வந்து போனது. ஊருக்கு மேலே ரோடு திரும்புகிற இடத்தில் நன்றாக வரும். ஜீப்பை அங்கே கொண்டுபோய் ஓரம் கட்டினேன். இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. கணினியை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்து ஆரம்பித்தேன்.

எதிரில் பேசியவர் ஒரு பெண். ஓசூர்க்காரர், என்னைவிடச் சின்னவர், டெஸ்டிங் குழுவுக்குத் தலைவர். என்னுடைய ஆங்கிலத்தைக் கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டுவிட்டு, "தமிழ்லயே பேசலாமே" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஜீப்பின் பின்கதவு திறந்தது. பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்தபடி ஒருவர் ஏறினார். கூடவே அவருடைய மனைவி. பழத்தைப் பொத்தென்று கீழே வைத்தார்கள். வண்டி ஆடியது. கணினியும் ஆடியது.

"ஜீப்பு எப்ப போவும்?" என்றார் அவர்.

நான் திரும்பாமலே, பொறுங்கள் என்று கையால் சைகை காட்டினேன். அதை, இப்போது போய்விடும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. சாவகாசமாக உட்கார்ந்து, அவர் ஒரு பீடியைப் பற்ற வைத்தார்.

"உங்க பின்னாடி யாரு?" என்றார் அந்தப் பெண்.

"பாசஞ்சருங்க மேடம்."

"இருக்கட்டும். ஒரு லிஃப்ட் இருக்கு. அதை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

இது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். இதற்குப் பாடத்தில் நல்ல பதில் இருந்தது, மனப்பாடமும் செய்திருந்தேன். ஆனால் பின்னால் பீடிப்புகையும் பலாவாசனையுமாக உட்கார்ந்திருக்கும்போது அதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. மனதில் வந்ததைச் சொன்னேன்.

"எட்டு பேரு ஏறலாம்னு எழுதிப் போட்டிருந்தா மேடம், ஒம்போதாவதா ஒருத்தர் கோழியோட வந்து நிப்பாரு. அவர எறக்க முடியாது. அதனால எட்டு பேர வச்சுப் பாக்கறதுக்கு முன்னாடி ஒம்போதுதான் பாப்பேன். அப்புறம், கதவு மூடறப்ப ஒருத்தர் கால விடுவாரு, அவர் கூட வந்தவரு இன்னும் வரலன்னு. அத பாக்கணும். மேல போற பொத்தான அமுத்திட்டு, ஞாபகம் வந்து, பைய மறந்துட்டேன்னு கீழ போற பொத்தான அமுத்துவாங்க. அதையும் பாக்கணும்."

"இன்னா லிஃப்ட்டு?" என்றார் பின்னாலிருந்தவர், ஆர்வமாக.

"அவரையும் பேசச் சொல்லுங்க" என்றார் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அதன் பிறகு கேட்டதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டேன். முடிந்ததும் பலாப்பழக்காரர்களை ஊரில் கொண்டுபோய் விட்டேன். ஒரு வாரம் கழித்து வேலை கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. மனைவி அதைத் தொலைபேசியில் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள், எனக்குக்கூட முழுசாக வாசிக்க விடாமல்.

வேலையில் சேர்ந்ததும் பயிற்சிக்காகக் கொஞ்ச காலம் பெங்களூரில் இருக்க வேண்டும், பிறகு மலையிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். செயலியை மலையில் வைத்துச் சோதிக்க ஒரு ஆள் அவர்களுக்கும் தேவைப்பட்டது. நான் கவலைப்பட்டது ஜீப்பைப் பற்றி.

"வித்துடலாமா?" என்றேன்.

"ஏங்க விக்கணும்? நான் ஓட்றேன்."

நான் விளையாட்டென்று நினைத்தேன். அவள் ஸ்கூட்டர் ஓட்டுவாள். ஜீப்பும் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓட்டியிருக்கிறாள். ஆனால் மலையிறக்கம் வேறு சங்கதி. நான் வேலையில் சேருவதற்குள் ஆலங்காயத்தில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து உரிமம் வாங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதம் கூடப் போனேன். கியரை மாற்று, இன்னும் ஓரம் போ, ஹாரன் அடி என்று நான் சொல்லிக்கொண்டே வர, ஒரு நாள் பாதி மலையில் வண்டியை நிறுத்தி, "எறங்குங்க" என்றாள். இறங்கினேன். அவள் கீழே போய்விட்டு, ஆள் ஏற்றிக்கொண்டு, திரும்பி வரும்போது என்னை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அதுவரை பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். அத்தோடு பயிற்சி முடிந்தது. ஆரம்பத்தில் சில ஆண்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள். அடுத்த பஸ் எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். மழை பிடித்ததும் ஏறிக்கொண்டார்கள்.

பெங்களூரில் என் முதல் அறிக்கைகளைக் குழுத்தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார். நான் ரொம்பவும் மரியாதையாக எழுதியிருந்தேன். "மன்னிக்கவும், இது என் புரிதலின் தவறாகவும் இருக்கலாம், சற்றே பார்க்க இயலுமா" என்கிற மாதிரி.

"இது விண்ணப்பம் மாதிரி இருக்கு" என்றார். "மூணே விஷயம் எழுதுங்க. நீங்க என்ன செஞ்சீங்க, என்ன நடக்கும்னு எதிர்பாத்தீங்க, உண்மையில என்ன நடந்துது. திட்டவும் வேணாம், கெஞ்சவும் வேணாம்."

இதைப் பெருமையாக மனைவியிடம் போனில் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு நாள், "நான் செஞ்சது, மாவு பாக்கெட் வாங்கியாங்கன்னு சொன்னேன். எதிர்பாத்தது, மாவு வரும்னு. நடந்தது, நீங்க மட்டும் வந்துக்கீறீங்க" என்றாள். மகளும் இப்போது அப்படித்தான் பேசுகிறாள்.

மலைக்குத் திரும்பி வீட்டின் முன்னறையில் மேஜை போட்டு வேலையை ஆரம்பித்தேன். புதூர்நாட்டுப் பக்கத்து ஊர்களில் சிலருக்குச் செயலியைக் கொடுத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். அப்போதுதான் அந்தத் தப்பு என் கண்ணில் பட்டது. கதிரடிக்கும் இயந்திரம் வேண்டும் என்று ஒரு முறை பதிவு செய்தால் சில சமயம் இரண்டு முறை பதிவானது. எப்போதும் இல்லை. சில சமயம்தான்.

நான் எழுதி அனுப்பினேன். அந்தப் பகுதியை எழுதிய டெவலப்பர் ஒரு மதுரைப் பையன், கல்லூரி முடித்து இரண்டொரு வருடம் ஆனவன், கெட்டிக்காரன். "என் கிட்ட நல்லாதான் ஓடுது அண்ணா. அந்தத் தப்பு இங்க வரல" என்று எழுதி என் புகாரை மூடிவிட்டான். நான் மறுபடி திறந்தேன். அவன் மறுபடி மூடினான். மலையில் நெட்வொர்க் விட்டுவிட்டு வருவதால்தான் இப்படி ஆகிறது என்பது என் கட்சி. அவன் நெட்வொர்க்கை மெதுவாக்கிப் பார்த்தான், நிறுத்திப் பார்த்தான். வரவில்லை. உங்கள் போனில்தான் கோளாறு என்பது அவன் கட்சி. நான் வேறு போன் வாங்கி, என் சிம்மை அதில் போட்டுப் பார்த்தேன். அதிலும் இரண்டு பதிவு வந்தது.

இதற்குள் புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். "நான் ஒரு மிஷினு கேட்டா ரெண்டு வந்து நிக்குதுப்பா. இன்னா, ஆஃபரா?"

இரண்டு இயந்திரக்காரர்களும் களத்திலேயே நீயா நானா என்று சண்டை போட்டிருக்கிறார்கள். பிறகு சமாதானமாகி ஆளுக்குப் பாதிக் கதிரைப் பிரித்துக்கொண்டு அடித்திருக்கிறார்கள். விவசாயியின் மனைவி எல்லோருக்கும் சேர்த்துக் களி கிண்டியிருக்கிறார். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் எனக்கு உள்ளே சுருக்கென்றது. குழுத்தலைவரிடம் பேசினேன். அவர் மதுரைப் பையனைக் கூப்பிட்டு, "நீயே மலைக்குப் போய்ப் பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

வந்தான். ஆலங்காயத்தில் பஸ் ஏறும்போது நன்றாக இருந்த பையன் ஜமுனாமரத்தூரில் இறங்கும்போது வாழைத்தண்டு மாதிரி வெளுத்திருந்தான். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்திருக்கிறான்.

"அண்ணா, ரோடா அண்ணா இது?" என்றான். வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் சாய்ந்துவிட்டான்.

என் மனைவி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தாள். "படுத்துக்கப்பா. மிஷினு எங்கயும் ஓடிப்போவாது" என்றாள். விருந்தாளி வருகிறான் என்று அன்று ஜீப்பை அவள் எடுக்கவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மத்தியானத்துக்கு மேல்தான் அவன் எழுந்து உட்கார்ந்தான். கோழிக்குழம்பு வாசனை எழுப்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தோம். முன்னறையில் பார்த்தோம். மொட்டை மாடியில் பார்த்தோம். நெட்வொர்க் மட்டமாக இருக்கும் என்று நான் அழைத்துப் போன பள்ளத்தில் அன்றைக்கென்று கோபுரம் பக்கத்தில் இருப்பதுபோல் முழுசாக வந்தது. பதிவு செய்தால் ஒன்று, திரும்பச் செய்தால் ஒன்று. ஒரு தடவைகூட இரண்டு வரவில்லை. பையன் சளைக்காமல் அடுத்த இடம் எங்கே என்று கேட்டான். இவ்வளவு தூரம் ஒருவனை வாந்தி எடுக்க வைத்து வரவழைத்துவிட்டோமே என்று எனக்குத்தான் கூசியது.

"இன்னொரு நாள் இருந்து பாக்கறேன் அண்ணா" என்றான். "அக்கா நாளைக்கும் சமைப்பாங்கல்ல?"

மறுநாள் காலை மனைவி வழக்கம்போல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் முன்னறையில் உட்கார்ந்தோம். போனை எடுத்துப் பதிவுக்கான பொத்தானை அழுத்தினேன். அழுத்தின கையோடு அழைப்பு வந்தது. யாரோ ஒரு அக்கா.

"ஜீப்பு வருதாப்பா?"

"காவலூரு பக்கம் ஆள எறக்கிட்டு வருதுக்கா. ரோட்டுலயே நில்லுங்க, ஏத்திக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். திரையைப் பார்த்தேன். இரண்டு பதிவு.

"பாத்தியா தம்பி! ரெண்டு! நெட்வொர்க்கு போச்சு பாத்தியா!"

"நெட்வொர்க் முழுசா இருக்கே அண்ணா" என்றான் அவன். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "இப்ப யார் கூப்பிட்டது?"

"யாரோ பாசஞ்சரு. ஜீப்பு வருதான்னு கேக்கறாங்க."

"ஜீப் அக்காதானே ஓட்டறாங்க? உங்களை ஏன் கேக்கறாங்க?"

"எல்லார் கிட்டயும் என் நம்பருதான் கீது. வருசக்கணக்கா குடுத்த நம்பராச்சே. நாள் பூரா கூப்புடுவாங்க."

அவன் என்னையே பார்த்தான். "நேத்து யாரும் கூப்பிடலையே?"

நேற்று அவள் வண்டி எடுக்கவில்லை. முந்தின நாளே போன வழியிலெல்லாம், நாளைக்கு ஜீப்பு வராது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதனால் யாரும் கூப்பிடவில்லை.

அவன் தன் போனை எடுத்தான். "நீங்க பதிவு பண்ணுங்க. அழுத்தினதும் நான் கூப்பிடறேன்."

அழுத்தினேன். கூப்பிட்டான். எடுத்தேன். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "அலோ" என்றேன், "அலோ அண்ணா" என்றான். வைத்துவிட்டுப் பார்த்தோம். இரண்டு.

நாங்கள் இருவரும் எழுந்து குதித்ததில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. பதிவு போய்க்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால், பேசி முடித்துத் திரும்புகையில் செயலி அந்தப் பதிவை இன்னொரு தடவை அனுப்பிக்கொண்டிருந்தது. பெங்களூர் அலுவலகத்தில் யாரும் யாரையும் போனில் கூப்பிடுவதில்லை, எல்லாம் கணினி வழியாகத்தான் பேச்சு. அதனால் அவனிடம் வரவே இல்லை. என்னிடமும், பதியும்போது யாரோ கூப்பிட்டிருந்த அந்த விவசாயியிடமும்தான் வந்தது. நெட்வொர்க்தான் காரணம் என்று நான் பிடித்த பிடியும் தப்பு, போன்தான் காரணம் என்று அவன் பிடித்த பிடியும் தப்பு. எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறேன், நடுவில் ஒரு அழைப்பு வந்தது என்று ஒன்றில்கூட எழுதவில்லை. எனக்கு அது நடந்த விஷயமாகவே தோன்றியதில்லை. ஈ உட்கார்ந்தால் ஓட்டுகிற மாதிரி, அழைப்பு வந்தால் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

பையன் அங்கேயே உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தான். மதியம் திரும்பி வந்த மனைவியிடம் நடந்ததைச் சொன்னோம்.

"அப்ப நான் வண்டி எடுத்ததாலதான் கண்டுபிடிச்சீங்களா?" என்றாள்.

"ஆமாக்கா."

"எனக்கும் சம்பளம் போட சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சாயங்காலம் அவனைத் தானே ஜீப்பில் ஆலங்காயம் வரை கொண்டுபோய் விட்டாள். முன்சீட்டில் உட்கார வைத்து, தூரத்தில் ரோட்டையே பார்த்துக்கொண்டு வரச் சொன்னாளாம். போய்ச் சேர்ந்ததும், "அக்கா ஓட்டினா ஒண்ணும் ஆகல அண்ணா. பஸ்தான் மோசம்" என்று செய்தி அனுப்பினான்.

திருத்திய செயலி வந்ததும் அதைச் சோதிப்பதற்கான படிகளை எழுதினேன். இரண்டாவது படியாக, "பொத்தானை அழுத்தியவுடன் மனைவியைக் கூப்பிடச் சொல்லவும்" என்று எழுதிவிட்டேன், நான் அப்படித்தானே செய்யப் போகிறேன். குழுத்தலைவர் அதை அடித்துவிட்டு, "வேறொரு எண்ணிலிருந்து அழைக்கவும்" என்று மாற்றினார். "எல்லா டெஸ்டருக்கும் கல்யாணம் ஆகியிருக்காது" என்று பக்கத்தில் குறிப்பு வேறு.

எல்லாப் படியும் தேறியது. அன்று பகல் முழுக்க அதே வேலை. ஜீப்பில் இருந்தபடி அவள் கூப்பிட்டாள், பலசரக்குக் கடைக்காரர் கூப்பிட்டார், என் அம்மா கூப்பிட்டாள். எப்படிக் கூப்பிட்டாலும் ஒரே ஒரு பதிவுதான். புதூர்நாட்டு விவசாயிக்கு நானே போன் போட்டு, சரி செய்தாகிவிட்டது, இனிமேல் இரண்டு வராது என்று சொன்னேன்.

"அப்ப இனிமே ஒன்னுதான் வருமா?" அவர் குரலில் மகிழ்ச்சியே இல்லை. "ரெண்டு வந்தப்ப மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சி பூட்டுது. நல்லாத்தான் இருந்துது."

ரெண்டு மிஷின் வேணும்னா ரெண்டு தடவ போடுங்க என்றேன். அதையும் ஒரு யோசனையாகக் கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். இப்போது எத்தனை இயந்திரம் வேண்டும் என்று செயலியே கேட்கிறது.

குழுக் கூட்டத்தில் என் பெயரையும் பையன் பெயரையும் சொல்லிக் கைதட்டினார்கள். கணினித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் எல்லோரும் கைதட்டியது ஏதோ மாதிரி இருந்தது, காது சூடாகிவிட்டது. கணினியை மூடிவிட்டு வெளியே வந்தேன். ஜீப் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. ஓடிப்போய் மனைவியிடம், புதுச் செயலி வெளியாகிவிட்டது, எல்லோரும் பாராட்டினார்கள் என்று சொன்னேன்.

"அப்டியா! ரொம்ப சந்தோசங்க" என்றாள் அவள். உண்மையிலேயே முகமெல்லாம் சிரிப்பு. இறங்கி வந்து என் தோளைத் தட்டினாள். "பின்னாடி டயரு காத்து எறங்கிட்டே வருது. நாலு பேரு சந்தைக்குப் போக காத்துனு கீறாங்க. ஜாக்கி எடுத்துனு வாங்க."

நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜாக்கியை எடுக்கப் போனேன்.